கண்ணீர் பதநீரான தவக்காலம்

எங்கள் மூன்றாணிவிளையில் கண்ணீர் இனிக்கத் தொடங்கியதை முதலில் கண்டுபிடித்தது மனுஷர் யாருமில்லை, எறும்புதான். அந்த வருஷம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம், வியாகுல மாதா கோவிலில் பாடுகளின் ஏடு வாசித்துக்கொண்டிருந்தபோது, ஆண்டவர் ஒலிவத் தோப்பில் இரத்த வியர்வை சிந்தும் இடத்தில் ஊர் வழக்கம்போல அழுதுகொண்டிருக்க, சுவரோரமாக வரிசை பிடித்து வந்த சிற்றெறும்புகள் பெண்கள் பக்கத்துக்குள் நுழைந்து, சேலைக் கரை வழியே ஏறி, கன்னத்தில் போய் நின்றன. தட்டிவிட்ட விரலை யாரோ ஒருத்தி தற்செயலாக வாயருகே கொண்டுபோனாள். ஒரு நிமிஷம் கோவிலே அழுகையை நிறுத்திச் சப்புக்கொட்டியது, அதற்கப்புறம் முன்னைவிடப் பலமாக அழுதது.

பதநீர் ருசி. பனையிலிருந்து இறக்கி அரைமணி நேரம்கூட ஆகாத, சுண்ணாம்பு ஒரு பொட்டு தூக்கலாக இருக்கிற காலைப் பதநீரின் அதே ருசி. இதைக் கண்டு ஊர் மலைத்து நின்றது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்களுக்கு எழுந்த கேள்வி ஏன் இனிக்கிறது என்பதல்ல, குடிக்கலாமா கூடாதா என்பதுதான். தேரி மணலில் பனையை நம்பிப் பிழைக்கிற ஊர் எங்களுடையது, பாளை சீவுகிற பருவமும் தவக்காலமும் வருஷம் தவறாமல் ஒன்றாகத்தான் வந்து தொலையும், சிலுவையில் காடியைக் குடித்தவருக்காக நாற்பது நாளும் பதநீர், கருப்பட்டி, சீனி எதுவும் நாக்கில் படக்கூடாது என்று எங்கள் முன்னோர் நேர்ந்துவைத்துவிட்டு நிம்மதியாகச் செத்துப்போனார்கள். வீடெல்லாம் மணக்க மணக்கக் கருப்பட்டி காய்ச்சிவிட்டு, கையில் ஒட்டியதைக்கூட நக்காமல் கழுவுகிற ஆட்கள் நாங்கள். பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் நான், கஸ்பார், அந்த நாற்பது நாளும் இனிப்பில்லாத கடுங்காப்பியை ஊற்றிக் கொடுத்து ஊரின் முகச்சுளிப்பையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

ஏட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏடு என்று பெயரே தவிர, அது நீல மசியில் கையால் எழுதிய தடித்த நோட்டு. ஆண்டவரின் பாடுகளை ஒலிவத் தோப்பிலிருந்து கல்லறை வரைக்கும் முந்நூறு பாட்டாக, எங்கள் ஊர் உபதேசியார் ஒருவர் எந்தக் காலத்திலோ கட்டிவைத்தது. தவக்காலத்தில் தினமும் சாயங்காலம் ஏழெட்டுப் பாட்டு வாசிப்போம். வாசிப்புக்குச் சட்டம் இரண்டுதான். வாசிக்கிறவர் அழக்கூடாது; கண்ணீர் பட்டால் மசி கரைந்துவிடும் என்பதால், ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த இடத்திலேயே ஏட்டை மூடி வேறு ஆளிடம் கொடுத்துவிட வேண்டும், பிறகு ஆயுசுக்கும் அந்த நாற்காலி கிடையாது. கேட்கிறவர்கள் அழ வேண்டும். ஒருத்தர் அழுதாலும் போதும், ஒருவருமே அழாவிட்டால் பக்கத்தைத் திருப்பக்கூடாது, ஆண்டவர் எங்கே நிற்கிறாரோ அங்கேயே நிற்க வேண்டியதுதான். நல்ல மழை பெய்த ஒரு வருஷம் ஊரே சந்தோஷத்தில் இருந்ததால், அவர் பிலாத்துவின் முற்றத்தில் இரண்டு நாள் காத்துக் கிடந்திருக்கிறார்.

அந்த நாற்காலியில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்தவள் தெக்கிலா, செத்துப்போன என் அண்ணனின் மனைவி, எனக்கு மைனி. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் தினமும் மூன்று கிலோ வெங்காயம் உரிப்பாள், கண் சிவக்காது. அண்ணன் பனையிலிருந்து விழுந்து செத்த அன்று துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரே மகள் அமலி, அடுத்த தாலுகாவில் வேறு சபைக்காரப் பையன் ஒருவனை விரும்பி, மாதா சுரூபமே வைக்காத ஒரு கோவிலில் போய்த் தாலி கட்டிக்கொண்டபோது, இனி என் முகத்தில் முழிக்காதே என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள், அதற்கப்புறம் நாலு வருஷமாக மகள் பெயரையே எடுக்கவில்லை. ஊர் அவளைக் கல்லு என்று சொல்லும். எனக்கு அப்படித் தோன்றியதில்லை, அவள் ராகம் இழுத்து வாசிக்கிறபோது கேட்டவர்கள் யாருக்கும் அப்படித் தோன்றாது, ஆனால் நானும் ஊரோடு சேர்ந்து கல்லு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ரெமிஜியுஸ் உபதேசியார். ஒரு தவக்காலத்தில் ஒரே ஒரு சொட்டு விட்டுவிட்டார். அது கண்ணீர் இல்லை, தும்மல் என்று பதினோரு வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாதாடிக்கொண்டிருக்கிறார்.

கண்ணீர் இனித்த இரண்டே வாரத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. தன் கல்யாணத்துக்கப்புறம் கோவில் வாசலை மிதிக்காத தொம்மை முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார், மடியில் நறுக்கிய வெங்காயத்தோடு. வெங்காயத்துக்கு வந்த கண்ணீரும் அதே இனிப்புத்தான், ஆண்டவர் கொஞ்சம் ஆளைப் பார்த்துக் கொடுத்திருக்கலாம் என்று உபதேசியார் வருத்தப்பட்டார். ஏடு வாசிக்கும் நேரத்துக் கண்ணீர்தான் இனிக்கும் என்று தெரிந்துபோனதால், புருஷன் பெண்டாட்டி சண்டையில் மத்தியானம் அழ வேண்டியவர்கள் வீணாக்காமல் சாயங்காலத்துக்கு ஒத்திவைத்தார்கள். கைக்குழந்தைகளைத் தூக்கிவந்து, பிலாத்து தீர்ப்புச் சொல்கிற சமயம் பார்த்துத் தொடையில் கிள்ளினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள், அவர்களைக் கடைசி வரிசையில் தள்ளி உட்கார வைத்தோம். ஒருத்தி தன் குடும்பத்துக் கண்ணீரை மூன்று நாள் டம்ளரில் சேர்த்து, காய்ச்சி, புளியங்கொட்டை அளவு கருப்பட்டி எடுத்துவிட்டாள், அதை எத்தனையாகப் பங்கு போடுவது என்று மாமியாருக்கும் அவளுக்கும் மூண்ட சண்டையால் மறுநாள் வாசிப்பில் இன்னும் ஒரு டம்ளர் சேர்ந்தது.

பங்குச் சாமியார் இரண்டு நாள் யோசித்து மூன்றாம் நாள் பிரசங்கத்தில் தீர்ப்புச் சொன்னார். கண்ணீர் தானாக இறங்கி வாய்க்குள் போனால் பாவமில்லை. விரலால் வழித்து நக்கினால் அற்பப் பாவம். அடுத்தவர் கன்னத்துக் கண்ணீரைத் தொட்டால், கட்டின மனைவியாகவே இருந்தாலும், பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து தன்னிடம் அதைச் சொல்லியாக வேண்டும். அன்றிலிருந்து எங்கள் ஊர் ஆட்கள் தலையைச் சாய்த்து, கீழுதட்டை நீட்டி அழப் பழகிக்கொண்டார்கள். சாமியாரும் அப்படித்தான் அழுதார் என்பதைப் பீடத்துப் பக்கம் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

நடுவில் ஒருநாள் மைனிக்குக் காய்ச்சல் கண்டு, அன்றைக்கு மட்டும் என்று உபதேசியாரை வாசிக்க விட்டோம். மனுஷன் பதினோரு வருஷ ஆசையையும் சேர்த்து உருகி உருகி வாசித்தார், ஊரும் நன்றாகத்தான் அழுதது, ஆனால் வாய்க்கு வந்தது வெறும் உப்பு. தொம்மை எழுந்து வெளியே போய்த் துப்பினார். மறுநாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மைனி வந்து நாற்காலியில் உட்கார்ந்து முதல் வரியை இழுத்ததும் இனிப்பு திரும்பிவந்தது. இனிப்பு ஆண்டவரிடமிருந்து வந்தாலும் வழி தெக்கிலாவின் தொண்டைதான் என்பது அன்றைக்கு ஊருக்கு விளங்கியது. அவள் ஒரு சொட்டு அழுதால் நாற்காலி போகும், நாற்காலி போனால் எல்லாம் போகும் என்பதும் கூடவே விளங்கியது.

அப்புறம் ஊர் அவளைத் தாங்கிய தாங்கலைப் பார்க்க வேண்டுமே. இத்தனை வருஷம் கண் கலங்காமல் உரித்தவளுக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்க முறை வைத்து ஆள் போனார்கள். அடுப்பில் புகை வராத விறகாகப் பொறுக்கிக் கொண்டுபோய்ப் போட்டார்கள். சாவுச் சேதி எதுவும் அவள் காதுக்கு எட்டாமல் துக்கமணியையே மெதுவாக அடிக்கச் சொன்னார்கள். மைனி எங்களை ஒரு தினுசாகப் பார்த்தாள். அவளுக்கு மட்டும்தான் அந்த ருசி தெரியாது என்பதை நாங்கள் யாருமே நினைத்துப் பார்க்கவில்லை.

நாலாவது வாரம் ஒரு அஞ்சலட்டை வந்தது. செல்போன் எங்கள் ஊருக்குள் வராத காலம் அது, ஊர்த் தபாலெல்லாம் என் கடையில்தான் இறங்கும். அட்டைதானே என்று ஐந்தாறு பேர் கைமாற்றி வாசித்துவிட்ட பிறகுதான் எனக்கு வந்தது. அமலி எழுதியிருந்தாள். எனக்கு ஒன்பதாம் மாதம் நடக்கிறது அம்மா, தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று இங்கேயும் சொல்கிறார்கள், நீ வந்து கூப்பிட்டால் வருவேன், வராவிட்டால் இனி ஒருநாளும் கேட்க மாட்டேன் என்று நாலே வரி.

கடை பெஞ்சில் கூட்டம் கூடியது. கொடுக்காமல் விடுவது தப்பு என்பதில் எல்லாருக்கும் ஒரே அபிப்பிராயம். ஆனால் மகளைப் பார்த்தால் கல்லும் கரையலாம் என்று ஒருவர் சொல்ல, ஈஸ்டருக்கு இன்னும் மூணு வாரம்தானே என்று இன்னொருவர் சொல்ல, பிள்ளை எப்படியும் ஈஸ்டர் கழித்துத்தான் பிறக்கும் என்று விரல் மடக்கிக் கணக்குப் போட்டு மூன்றாமவர் சொல்ல, கொடுப்பதைக் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தால் அது கொடுக்காததாகிவிடுமா என்று நான் கேட்டேன். ஆமாம், நான்தான் கேட்டேன். அட்டையைக் கடையில் மாட்டியிருந்த அந்தோணியார் படத்துக்குப் பின்னால் சொருகினேன். தொலைந்ததையெல்லாம் தேடிக் கொடுக்கிறவர் அவர் என்பது எனக்குத் தெரியாமலில்லை.

பத்து நாள் கழித்து மத்தியான பஸ்ஸில் அமலியே வந்து இறங்கினாள். வயிற்றைக் கையால் தாங்கியபடி, ஊருக்குள் போகும் பாதையைப் பார்த்துவிட்டு, கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, நான் எழுதுன கார்டு வந்துச்சா?"

"வந்துச்சு மோளே."

"அம்மா என்ன சொன்னா?"

நான் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னேன். "ஒண்ணும் சொல்லல."

பொய் இல்லை பாருங்கள். பார்க்காத அட்டைக்கு அவள் என்ன சொல்வாள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டுச் சொன்னாலும் சாமியார் இதில் ஒரு குற்றம் காண முடியாது என்று அன்றைக்கு என்னையே மெச்சிக்கொண்டேன். அமலி அந்தக் கடுங்காப்பியை இனிப்பில்லாமல் குடித்தாள், டம்ளரைக் கழுவி வைத்தாள், அதே பஸ் திரும்பி வந்ததும் ஏறிப் போய்விட்டாள். சாயங்காலம் ஏடு வாசிக்கையில் எனக்கு நிறையவே அழுகை வந்தது, வெட்கமில்லாமல் இனித்தது.

இதையெல்லாம் கடை மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ரெமிஜியுஸ் உபதேசியார். பிரயாணப் பை ஒன்றோடு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினார். பிற்பாடு ஊர் அவரைப் புண்ணியவான் என்று கொண்டாடியபோது அவரே மறுத்துச் சொன்னதுதான் இது: அவருக்கு அமலி மேல் இரக்கம் வந்தது உண்மை, ஆனால் அது பஸ்ஸில் பாதித் தூரம் போனபிறகுதான் வந்தது, வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர் மனசில் இருந்தது நாற்காலி மட்டும்தான். தெக்கிலாவை அழவைக்க அவள் மகளைவிட்டால் வேறு வழியில்லை என்று எங்களைப் போலவே அவரும் கண்டுபிடித்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளி வந்தது. மாதாவின் வியாகுலத்தை நினைக்கிற நாள், ஆண்டவர் சிலுவையைச் சுமந்து போகும் வழியில் தாயைச் சந்திக்கிற பாட்டு அன்றைக்குத்தான். ஊரில் ஒருவர் பாக்கியில்லை, வேன்கள் கோவில் முற்றத்தைத் தாண்டிப் பனைகளுக்கு நடுவே நின்றன, எல்லாரும் காலையிலிருந்து தண்ணீர்கூட அதிகம் குடிக்காமல் நாக்கைச் சுத்தமாக வைத்துக்கொண்டு வந்திருந்தோம். மைனி வெள்ளைச் சேலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஏட்டைத் திறந்து, குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தாள்.

*பெற்றவள் வந்தாள் தெருவிலே – அவள்*
*பிள்ளை நடந்தான் சுமையோடே*
*உற்றவர் கூட்டம் நடுவிலே – அங்கே*
*ஒருவரும் வழிவிட வில்லையே*

கீழுதடுகள் நீண்டன. அப்போதுதான் பக்கவாசல் வழியாக உபதேசியார் உள்ளே வந்தார், அவர் பின்னால் அமலி. நிறைமாத வயிற்றோடு நிற்கிறவளுக்கு எந்தச் சபைக்காரி என்று பார்க்காமல் எந்த ஊரிலும் வழி விடுவார்கள். நாங்கள் விடவில்லை. முன்னால் இருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து அவளை மறைக்கப் பார்த்தார்கள், தொம்மை எழுந்து நின்று முதுகை அகட்டினார். ஆனால் ஒன்பது மாத வயிற்றை மறைக்கிற முதுகு அவருக்கு இல்லை.

மைனியின் குரல் நின்றது.

"நான் எழுதுனேம்மா," என்றாள் அமலி. "பஸ்ஸுல வந்து கேட்டப்ப, நீ ஒண்ணும் சொல்லலன்னு சித்தப்பா சொன்னாரு, திரும்பிப் போய்ட்டேன். உனக்குக் கார்டே தரலன்னு இவரு சொல்லுதாரு. எது நெசம்னு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்."

மைனி மகளைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், பிறகு ஆண்கள் பக்கம் திரும்பி என்னைத் தேடிப் பிடித்தாள்.

"கஸ்பாரு. எழுத்து வந்துச்சா?"

அன்றைக்கும் ஒரு சாமர்த்தியமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன், வந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"வந்துச்சு மைனி. நான்தான் ஒளிச்சு வச்சேன்."

"ஊருக்குத் தெரியுமா?"

எத்தனை பேருக்குத் தெரியும் என்று அவளுக்கு அந்த மௌனத்திலேயே தெரிந்துவிட்டது. வெங்காயம் உரித்தவர்கள், விறகு போட்டவர்கள், மணியைத் தாழ்த்தி அடித்தவன், எல்லார் முகத்திலும் அவள் கண் ஒவ்வொன்றாக நின்று நகர்ந்தது.

"ஒரு மாசமா இங்கன உக்காந்து அழுதிய," என்றாள். சத்தம் போடவில்லை, ஏடு வாசிக்கிற அதே குரல்தான். "அவரு அம்மைய பாக்க விடாம அடிச்சானுவளேன்னு அழுதிய. எம்புள்ளைய பஸ்ஸுல ஏத்தி அனுப்பிட்டா வந்து அழுதிய?"

சொல்லி முடிக்கும்போது சொட்டு விழுந்தது. ஒன்றல்ல. பதினோரு வருஷத்துக் கணக்கோ, அண்ணன் செத்த அன்றைக்கு உள்ளதோ, நாலு வருஷத்துக் கோபமோ தெரியவில்லை, மளமளவென்று விழுந்து 'வழிவிட வில்லையே' என்ற வரி நீலமாகக் கலைந்து ஓடியது. அவள் சட்டத்தை மீறவில்லை. ஏட்டை மூடினாள், உபதேசியாரிடம் நீட்டினாள், நாற்காலியை விட்டு எழுந்து நடந்தாள். இந்தத் தடவை கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. மகள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, அவளையும் கைபிடித்து உட்கார வைத்துக்கொண்டாள்.

உபதேசியார் ஆசைப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்தார், அவருக்கு ஆயுசுக்கும் அது கிடையாது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, அதே பாட்டை முதலிலிருந்து வாசித்தார். ஒருவர்கூட அழவில்லை. மறுபடி வாசித்தார். வேண்டுமென்று இல்லை, எங்களுக்கு வரவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தோமே தவிர கண்கள் காய்ந்து கரகரத்தன. தொம்மை மடியிலிருந்து வெங்காயத்தை எடுத்துக் கண்ணிலேயே தேய்த்தார், சிவந்ததே தவிர ஒரு பொட்டு ஈரமில்லை. அழுவதற்காகவே ஒரு மாசமாகக் கூடிய ஊர், மாதா தெருவில் நிற்கிற இடத்தில் மரமாக உட்கார்ந்திருந்தது. மூன்றாம் தடவை வாசித்துவிட்டு, பக்கத்தைத் திருப்ப முடியாமல் உபதேசியார் சாமியாரைப் பார்த்தார், சாமியார் தரையைப் பார்த்தார். இப்படியே விட்டால் அந்த வருஷம் ஆண்டவர் தெருவிலேயே நின்றுவிடுவார், பெரிய வெள்ளியும் வராது, ஈஸ்டரும் வராது என்று எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. நாற்காலியை இழந்தவள் இனி கேட்கிறவள்தானே, கேட்கிறவள் அழலாம். மைனி மகளின் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வாயை மூடாமல், மூக்கைத் துடைக்காமல், சின்னப் பிள்ளைபோல அழுதாள். அது ஆண்டவருக்காகவா மகளுக்காகவா என்று சட்டத்தில் கேள்வி இல்லை. உபதேசியார் பக்கத்தைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் கண்ணீர் இனித்ததில்லை. பெரிய வெள்ளியன்று நாங்கள் அழுதது உப்பாகத்தான் இருந்தது, அதை யாரும் துப்பவில்லை.

மைனி அழுத அன்றைக்கு வாசிப்பு முடிந்து வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. தாயும் மகளும் மணல் பாதையில் வீட்டுக்கு நடந்தார்கள். யாரும் கேட்காமலே அமலியின் பையைத் தூக்கிக்கொண்டு பத்தடி பின்னால் நான் போனேன். மைனி திரும்பிப் பார்த்தாள், பையை வாங்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. பாதி வழியில் அமலி நின்றுவிட்டாள்.

"போதும்மா. இன்னும் எவ்வளவுதான் அழுவ?"

"பழக்கம் இல்லல்லா," என்றாள் மைனி, முகமெல்லாம் நனைந்திருக்க. "எப்படி நிறுத்தணும்னு தெரியமாட்டேங்கு."